ஒட்டினால் வேலை, கழற்றினால் ஓய்வு

காலில் முள் குத்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலிக் கருவேல முள். பிடுங்கி எறிந்தாயிற்று, இரத்தமும் பெரிதாக வரவில்லை, விட்ட இடத்திலிருந்து விளையாட்டைத் தொடர்ந்தாயிற்று. மறுநாள் விடிந்து பாதத்தைத் தரையில் ஊன்றும்போதுதான் விஷயம் தெரிகிறது. குத்திய இடம் சிவந்திருக்கிறது. தொட்டால் சுடுகிறது. சுற்றிலும் வீங்கி, விண்விண்ணென்று தெறிக்கிறது. அப்படியே விட்டால் தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொள்ளும், சிலருக்குக் காய்ச்சலும் அடிக்கும்.

சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இந்த நான்கையும் ஒரே இடத்தில் சேர்த்து எழுதி வைத்தவர் செல்சஸ் என்ற ரோமானியர். ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் ஆகின்றன. நான்கும் சேர்ந்த இந்த நிலைக்கு மருத்துவத்தில் அழற்சி என்று பெயர்.

இது முள் செய்த வேலை என்று சிலர் சொல்வார்கள். இல்லை, முள்ளோடு போன கிருமி செய்த வேலை என்று வேறு சிலர் சொல்வார்கள். முள்ளும் கிருமியும் தொடங்கி வைத்தது உண்மைதான். ஆனால் அந்தச் சிவப்பையும் சூட்டையும் உண்டாக்குவது உங்கள் உடம்பு. அது தெரிந்தே, உத்தரவு போட்டு உண்டாக்குகிறது. அந்த உத்தரவு ஒரு செல்லின் வெளித்தோலில் தொடங்கி அதன் நடுப்பகுதி வரை எப்படிப் போய்ச் சேருகிறது, போன உத்தரவு எப்படி நிறுத்தப்படுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இன்னொரு முள். 1882-ஆம் ஆண்டு, இத்தாலியின் சிசிலித் தீவில் மெஸ்ஸினா என்ற கடற்கரை ஊர். எலி மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியல் அறிஞர் குடும்பத்தோடு அங்கே தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்துவிட்டார். நட்சத்திர மீனின் லார்வாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உடம்பு ஒளி புகக்கூடியது, உள்ளே செல்கள் நகர்வதை வெளியிலிருந்தே பார்க்கலாம். இந்தச் செல்கள் எதற்காக இப்படி அலைகின்றன? வெளியிலிருந்து ஏதாவது நுழைந்தால் அதை எதிர்க்கத்தானோ? இந்த யோசனை வந்ததும் தோட்டத்துக்கு ஓடினார். ரோஜா முட்களைப் பறித்து வந்து லார்வாவின் தோலுக்கு அடியில் செருகினார். அன்றிரவு பரபரப்பில் தூக்கமே வரவில்லையாம். விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி அந்த அலையும் செல்கள் கூட்டமாக மொய்த்திருந்தன. இந்த ஆராய்ச்சிக்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பால் எர்லிக் என்ற ஜெர்மானியரும் அவரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அதே போன்ற செல்கள் நம் தோலுக்கு அடியிலும், நுரையீரலிலும், கல்லீரலிலும் காவல் இருக்கின்றன. மேக்ரோபேஜ் என்று பெயர். தமிழில் பெருவிழுங்கி என்கிறோம். கிருமியைக் கண்டால் அப்படியே விழுங்கிவிடும். ஆனால் ஒரு பெருவிழுங்கி தனியாக எத்தனை கிருமிகளை விழுங்க முடியும்? பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகக்கூடியவை. அதனால் விழுங்குவதோடு நிற்காமல், ஆள் வரச்சொல்லி அது குரல் கொடுக்கவும் வேண்டும். அந்தக் குரல்தான் வீக்கமாகவும் சூடாகவும் நமக்குத் தெரிகிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிருமி தொடுவது செல்லின் வெளிச்சவ்வை. குரல் கொடுக்கத் தேவையான புரதங்களைச் செய்யும் குறிப்பு இருப்பதோ செல்லின் நடுவே, உட்கருவில், டி.என்.ஏ.-வில். இரண்டுக்கும் இடையே செல்லின் உள்ளடக்கம் முழுவதும் கிடக்கிறது. வெளியில் நடந்த செய்தி உள்ளே போயாக வேண்டும். யார் கொண்டுபோவது?

கொண்டுபோவது கைனேஸ்கள். பெயர் புதிதாக இருந்தாலும் செய்யும் வேலை மிக எளிமையானது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறை உங்கள் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக இருக்கும். கைனேஸ் என்பது ஒரு புரதம். அது ஏ.டி.பி.-யின் கடைசி பாஸ்பேட்டைக் கழற்றி, வேறொரு புரதத்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒட்டும். அவ்வளவுதான். பாஸ்பேட் அபூர்வமான பொருள் அல்ல. நம் எலும்பில் இருக்கிறது, வயலுக்குப் போடும் டி.ஏ.பி. உரத்திலும் இருக்கிறது. ஆனால் அதற்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அது வந்து ஒட்டியதும் புரதத்தின் ஒரு பகுதி அதை நோக்கி இழுபடும், இன்னொரு பகுதி விலகும். புரதத்தின் வடிவம் மாறிவிடும். வடிவம் மாறினால் வேலையும் மாறும். சும்மா கிடந்த புரதம் விழித்துக்கொள்ளும், அல்லது வேலை செய்துகொண்டிருந்தது அடங்கிவிடும்.

இதைக் கண்டுபிடித்த இருவரும் கிருமியைப் பற்றியோ வீக்கத்தைப் பற்றியோ யோசிக்கவே இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் என்ற இரு அறிஞர்கள் 1950-களில் முயலின் தசையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தசையில் சேமித்து வைத்த சர்க்கரையை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் என்ற நொதிக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று சுறுசுறுப்பானது, ஒன்று தூங்குவது. பழைய முறைப்படி தசைச் சாற்றை வடிதாளில் வடிகட்டினால் சுறுசுறுப்பான வடிவம் கிடைத்தது. சுத்தமாக இருக்கட்டும் என்று வடிதாளை விட்டுவிட்டு, வேகமாகச் சுழற்றித் தெளிய வைத்தால் தூங்கும் வடிவம்தான் கிடைத்தது. வடிதாள் எப்படி ஒரு நொதியை எழுப்பும்? தோண்டிப் பார்த்தால், வடிதாளில் ஒட்டியிருந்த கால்சியம் சாற்றில் கரைந்து போயிருந்தது. அந்தக் கால்சியம் ஒரு கைனேஸைத் தூண்டிவிட, அது பாஸ்பேட்டை ஒட்டி, தூங்கிய நொதியை எழுப்பியிருந்தது. தசை சுருங்கும்போதும் இதுவே நடக்கிறது. நரம்பின் தூண்டலால் தசைச் செல்லுக்குள் கால்சியம் வெளிப்படும், உடனே சர்க்கரை உடையத் தொடங்கும்.

ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிவிட இன்னொரு வகை நொதி இருப்பதும் தெரிந்தது. அதற்கு பாஸ்பட்டேஸ் என்று பெயர். ஒட்டலாம், கழற்றலாம், மறுபடி ஒட்டலாம். புதிதாகப் புரதம் செய்ய நேரமாகும். இதற்கு நொடிகளே போதும். 1955-இல் இதை வெளியிட்டார்கள். 1992-இல் நோபல் பரிசு வந்தது. அதற்குள் உடம்பில் இந்த முறை இல்லாத இடமே இல்லை என்று ஆகியிருந்தது. மனித மரபணுத் தொகுப்பை அலசி 2002-இல் கணக்கெடுத்தபோது கைனேஸ்கள் மட்டும் 518 இருந்தன.

இனி பெருவிழுங்கிக்குத் திரும்புவோம். அதன் வெளிச்சவ்வில் டோல் வகை ஏற்பிகள் என்ற புரதங்கள் நட்டுவைத்தது போல நிற்கின்றன. மனிதர்களுக்கு இவற்றில் 10 வகை உண்டு. பொதுவாக ஒவ்வொன்றும் கிருமிகளிடம் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை அடையாளம் காணும். நான்காம் எண் ஏற்பி, ஈ.கோலி போன்ற பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருளைக் கண்டுபிடிக்கும். பிரான்ஸில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் 1996-இல், டோல் என்ற புரதம் இல்லாத பழ ஈக்கள் பூஞ்சை பிடித்துச் செத்துப்போவதைக் கண்டார்கள். அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் 1998-இல் ஒரு விசித்திர எலி வகையின் புதிரை அவிழ்த்தார்கள். பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை ஊசியில் ஏற்றினால் மற்ற எலிகளுக்கு ஆபத்து. இந்த எலிகளுக்கோ ஒன்றும் ஆகாது. ஆனால் நிஜமான பாக்டீரியா தொற்றினால் இவற்றால் தாங்க முடியாது. இவற்றிடம் அந்த நான்காம் எண் ஏற்பி கெட்டுப்போயிருந்தது. 2011-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பாக்டீரியாவின் துணுக்கு ஏற்பியில் மாட்டியதும், செல்லுக்கு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பியின் வால்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அங்கே மைடி-88 என்ற புரதங்கள் வந்து சேர்ந்து, சுருள்படியாக அடுக்கிக்கொள்கின்றன. அவற்றின்மேல் ஐராக்-4 என்ற கைனேஸ் வந்து உட்காருகிறது. ஒன்று அல்ல, நான்கு. சாதாரண நேரத்தில் செல்லுக்குள் ஆங்காங்கே தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தவை இவை. இப்போது இடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருப்பதால், ஒன்று மற்றொன்றின்மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. ஐராக்-4 விழித்துக்கொள்கிறது. ஐராக்-4 என்ற இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இங்கிருந்து செய்தி கைமாறிக் கைமாறி உள்ளே போகிறது. வட்டமாகக் கைகோத்து நின்று, ஒருவர் கையை அடுத்தவர் அழுத்தும் விளையாட்டை ஆடியிருப்பீர்கள். முதல் ஆள் அழுத்தியதை உணர்ந்ததும் இரண்டாம் ஆள் மூன்றாம் ஆளின் கையை அழுத்துவார். கையிலிருந்து கைக்கு எந்தப் பொருளும் போவதில்லை. ஒவ்வொருவரும் தம் சொந்த பலத்தில்தான் அழுத்துகிறார்கள். செல்லுக்குள்ளும் அதே கதைதான். ஒரே பாஸ்பேட் கைமாறிப் போவதாக நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கைனேஸும் தனக்கென்று ஏ.டி.பி.-யிலிருந்து புது பாஸ்பேட்டை எடுத்து அடுத்ததன்மேல் ஒட்டுகிறது. ஒரே ஒரு வித்தியாசம்: நம் விளையாட்டில் ஒருவர் ஒருவரைத்தான் அழுத்த முடியும். விழித்துக்கொண்ட ஒரு கைனேஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் பல புரதங்களில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டே போகும். அதனால் சவ்வில் ஒரு சில துணுக்குகள் தொட்டாலே போதும், உள்ளே போகப் போகச் செய்தி பெருத்துவிடும்.

ஐராக்-4-ஐத் தொடர்ந்து அதன் உறவுக்கார ஐராக்குகள், இடையில் சில உதவிப் புரதங்கள், அப்புறம் டாக்-1 என்ற கைனேஸ், அதற்கு அடுத்து ஐ.கே.கே. என்ற கைனேஸ். எல்லாப் பெயர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஐ.கே.கே. செய்வதை மட்டும் மிக நெருங்கிப் போய்ப் பார்ப்போம், அதுதான் அழகான இடம்.

உட்கருவுக்கு வெளியே என்.எஃப். கப்பா-பி என்ற புரதம் காத்திருக்கிறது. 1986-இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்தார்கள். இது உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.-வில் அமர்ந்தால் போதும், நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கிவிடும். அழற்சிக்கு வேண்டியவை அவற்றில் அடக்கம். ஆனால் சாதாரண நாட்களில் அதனால் உள்ளே போக முடியாது. ஐ கப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதைக் கட்டிப்பிடித்து, உள்ளே போக உதவும் பகுதியை மறைத்துக்கொண்டிருக்கிறது.

ஐ கப்பா-பி 317 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதில் 32-ஆவது இடத்திலும் 36-ஆவது இடத்திலும் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஐ.கே.கே. வந்து சரியாக அந்த இரண்டு செரின்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. வேறெங்கும் கை வைக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த இரண்டு பாஸ்பேட்டுகளும் 'இது வேண்டாத புரதம்' என்பதற்கான அடையாளம். செல்லின் கழிவு நீக்கும் அமைப்பு அதைப் படித்து, ஐ கப்பா-பி-யை இழுத்துப் போய்த் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. விடுபட்ட என்.எஃப். கப்பா-பி உட்கருவுக்குள் நுழைகிறது. கிருமி தொட்டதிலிருந்து இதுவரை அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அந்த இரண்டு இடங்களும் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா என்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். செரினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்தை வைத்தார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு தெரியுமா? செரினில் ஓர் ஆக்சிஜன் அணு கூடுதல். பாஸ்பேட் வந்து ஒட்டுவது அந்த ஆக்சிஜனில்தான். அலனினில் அது இல்லாததால் ஒட்ட இடமில்லை. இப்படி மாற்றிய ஐ கப்பா-பி தன் பிடியை விடவே இல்லை. மேலே எத்தனை கிருமி தொட்டாலும், எத்தனை கைனேஸ் விழித்தாலும், என்.எஃப். கப்பா-பி வெளியிலேயே நின்றது. இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இல்லாததால் ஒரு செல்லின் குரலே அடைத்துப்போனது! உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று.

செய்தி வரும் வழியில் டாக்-1 இன்னொரு கிளையையும் தூண்டிவிடுகிறது. அதில் பி-38 என்ற கைனேஸ் விழிக்கிறது. இதன் வேலை வேறு மாதிரியானது. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைச் செய்வதற்கு டி.என்.ஏ.-விலிருந்து ஒரு நகல் வருகிறது, ஆர்.என்.ஏ. வடிவில். டி.என்.எஃப். பலமான பொருள், அளவு மீறினால் ஆபத்து. ஆகவே அந்த நகலைச் செல் நீண்ட நேரம் வைத்திருப்பதில்லை. ஒரு புரதம் அதைப் பிடித்துக் கொடுத்து அழிக்க வைத்துக்கொண்டே இருக்கிறது. பி-38 தனக்குக் கீழுள்ள ஒரு கைனேஸைத் தூண்ட, அது அழிக்கும் புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஒட்டி அடக்கிவைக்கிறது. அவ்வளவு நேரம் நகல் பிழைத்திருக்கிறது, டி.என்.எஃப். தயாராகிறது. அழிக்கும் அந்தப் புரதமே இல்லாமல் பிறந்த எலிகள் மெலிந்துபோய், மூட்டுகள் வீங்கி அவதிப்படுகின்றன.

இப்போது பெருவிழுங்கி டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்களை வெளியே விடுகிறது. அருகிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்தம் அதிகமாக வருவதால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவரின் இணைப்புகள் தளர்ந்து நீர் கசிவதால் வீக்கம். சுவரின் உள்பக்கம் ஒட்டும் தன்மை பெறுவதால், இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் அங்கே ஒட்டி நின்று, நெருக்கிக்கொண்டு வெளியே வந்து கிருமியைத் தாக்குகின்றன. அவை செத்துச் சேர்வதுதான் சீழ். நரம்பு முனைகள் கூர்மையாகிவிடுவதால் மெதுவாகத் தொட்டாலும் வலி. கிருமியின் துணுக்குகள் தொடையிடுக்கு நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேர, அங்கே தற்காப்புச் செல்கள் பெருகுவதால் நெறி. இன்டர்லூக்கின்கள் மூளைக்குச் செய்தி அனுப்ப, அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாகி உடம்பின் வெப்ப அளவை ஏற்றி வைப்பதால் காய்ச்சல். பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான் குறைக்கிறது. அதனால் காய்ச்சல் தணியும், ஆனால் கிருமி சாகாது.

செல்சஸ் எழுதிய நான்கும் வந்துவிட்டன. இத்தோடு கதை முடிந்தது என்று பல புத்தகங்கள் நிறுத்திவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. தொடங்குவதைவிட நிறுத்துவது கடினமான வேலை. நிற்காத வீக்கம் நம் சொந்தத் திசுக்களையே அரித்துவிடும்.

நிறுத்தும் ஏற்பாடு தொடக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. என்.எஃப். கப்பா-பி உட்கருவுக்குள் போனதும் இயக்கும் மரபணுக்களில் ஒன்று எது தெரியுமா? ஐ கப்பா-பி-யைச் செய்யும் மரபணு! தன்னைக் கட்டிப்போடும் புரதத்தைத் தானே செய்யச் சொல்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் புது ஐ கப்பா-பி தயாராகி, உட்கருவுக்குள்ளேயே போய் என்.எஃப். கப்பா-பி-யைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடுகிறது. வெளியில் கிருமி இன்னும் இருந்தால் ஐ.கே.கே. மறுபடி பாஸ்பேட் ஒட்டும், மறுபடி விடுதலை, மறுபடி உள்ளே. கிருமி தீர்ந்துவிட்டால் ஒட்ட ஆளில்லை, எல்லாம் அடங்கும். 2004-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் என்.எஃப். கப்பா-பி-யோடு ஒளிரும் புரதம் ஒன்றை இணைத்து, ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் செல்களில் இதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். டி.என்.எஃப். தொடர்ந்து இருக்கும்வரை, அந்த ஒளி உட்கருவுக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. ஒரு முறை போய்வர ஏறக்குறைய 100 நிமிடங்கள்.

பாஸ்பட்டேஸ்களும் சும்மா இருப்பதில்லை. டஸ்ப்-1 என்ற ஒன்று பி-38-இன் பாஸ்பேட்டைக் கழற்றி அதைத் தூங்க வைக்கிறது. இதுவும் அழற்சி தொடங்கிய பிறகே அதிகமாகச் செய்யப்படுகிறது. மருத்துவர்கள் கடுமையான அழற்சிக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் வேலை செய்யும் வழிகளில் ஒன்று, செல்லை டஸ்ப்-1 அதிகம் செய்ய வைப்பது. அழற்சியை நிறுத்தும் இன்னொரு புரதத்தின் பெயர் ஏ-20. அது இல்லாமல் பிறக்கும் எலிகள் உடம்பெங்கும் அழற்சி பரவிச் சீக்கிரமே இறந்துவிடுகின்றன.

மனிதர்களிலும் நிற்காத அழற்சி உண்டு. முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் மூட்டுக்குள் கிருமியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வீக்கம் நீடிக்கிறது. இதே போன்ற மூட்டுநோய் சிறுவர்களுக்கும் வருவதுண்டு. காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாமல் கஷ்டப்படுவார்கள். இங்கே ஜாக் என்ற இன்னொரு கைனேஸ் குடும்பம் வருகிறது. மொத்தம் நான்கு பேர். ஒரு செல் வெளியே விட்ட இன்டர்லூக்கின்-6 வேறொரு செல்லின் ஏற்பியில் மாட்டும்போது, அந்த ஏற்பியின் வாலில் உட்கார்ந்திருக்கும் ஜாக்குகள் விழித்து, ஸ்டாட் என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. ஸ்டாட் நேரே உட்கருவுக்குப் போய்விடும். முதல் செல்லின் குரலைக் கேட்டு இரண்டாம் செல்லும் குரல் எழுப்புவது இப்படித்தான்.

ஒவ்வொரு கைனேஸிலும் ஏ.டி.பி. வந்து அமர ஒரு குழிவு உண்டு. அந்தக் குழிவில் வேறொரு மூலக்கூறை உட்கார வைத்துவிட்டால் ஏ.டி.பி.-க்கு இடமில்லை, பாஸ்பேட் ஒட்டும் வேலை நின்றுபோகும். கேட்க எளிது. ஆனால் 518 கைனேஸ்களுக்கும் அந்தக் குழிவு கிட்டத்தட்ட ஒரே சாயலில் இருக்கிறது. ஒன்றை அடைக்கப்போய் இதயத்துக்கோ மூளைக்கோ தேவையான இன்னொன்றை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? இது நடக்காத காரியம் என்று ஒரு காலத்தில் பலர் கைவிட்டிருந்தார்கள். 2001-இல் இமாட்டினிப் என்ற மருந்து, ஒருவகை இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் கைனேஸை அடைத்துக் காட்டியபோது நம்பிக்கை பிறந்தது. 2012-இல் ஜாக்குகளை அடக்கும் டோஃபாசிட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் முடக்குவாதத்துக்காக அனுமதி கிடைத்தது. பாரிசிட்டினிப் என்ற அதன் உறவுக்கார மருந்தை, தீவிர கோவிட் நோயாளிகளுக்குத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் பலமாகப் பரிந்துரைத்தது. கோவிட் முற்றியபோது பலரின் நுரையீரலைக் கெடுத்தது வைரஸ் மட்டுமல்ல, அடங்காமல் போன அழற்சியும்தான்.

ஜாக்குகளை அடக்கும் இந்த மருந்துகளைத் தொடங்குமுன் மருத்துவர்கள் காசநோய்க்குச் சோதித்துப் பார்ப்பார்கள். பலருடைய உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி வளைத்துக் காவல் காப்பவை பெருவிழுங்கிகளும் அவற்றின் தோழமைச் செல்களும். குரலை அடக்கினால் காவலும் தளரும்.

ஒரு கைனேஸ் இல்லாமலேயே பிறந்துவிட்டால்? அப்படியும் குழந்தைகள் இருக்கிறார்கள். உலகெங்கும் மிகச் சிலரே. ஐராக்-4-ஐச் செய்யும் மரபணு இரண்டு நகலிலும் கெட்டுப்போனவர்கள். 2003-இல் மருத்துவர்கள் முதன்முதலாக இதை விவரித்தார்கள். இந்தக் குழந்தைகளுக்கு நிமோனியாவையும் மூளை உறைக் காய்ச்சலையும் உண்டாக்கும் நிமோகாக்கஸ், சீழ்க் கட்டிகளை உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உயிருக்கே ஆபத்தாக முடியும். அதைவிடப் பயங்கரம், தொற்றின் தொடக்கத்தில் காய்ச்சல் பெரும்பாலும் வராது அல்லது லேசாகத்தான் வரும். இரத்தப் பரிசோதனையில் அழற்சியின் அறிகுறியும் குறைவாகவே இருக்கும். தாய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் சுடாது. மற்றக் குழந்தைகள் விஷயத்தில் வீட்டையே எழுப்பிவிடும் அந்தச் சூடு, இவர்களிடம் மௌனமாக இருந்துவிடுகிறது. அதனால் லேசான சந்தேகம் வந்தாலே மருத்துவர்கள் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுகிறார்கள். தடுப்பூசிகளைத் தவறாமல் போடுகிறார்கள், தினமும் தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள்.

விநோதம் என்னவென்றால், பெரும்பாலான வைரஸ்களையும் பூஞ்சைகளையும் இந்தக் குழந்தைகள் மற்றவர்களைப் போலவே சமாளிக்கிறார்கள். டோல் ஏற்பிகள் சிலவற்றுக்கு ஐராக்-4 இல்லாத மாற்று வழியும் உண்டு, வைரஸைக் கண்டறிய வேறு ஏற்பிகளும் உண்டு. இன்னொரு விநோதம் வயது ஏறும்போது நடக்கிறது. பத்து வயதைத் தாண்டி, பதின்ம வயதுக்குள் போகப் போகக் கடுமையான தொற்றுகள் குறைந்துகொண்டே வருகின்றன. அதற்குள் ஒவ்வொரு கிருமியையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வேறு தற்காப்புச் செல்களும் எதிர்ப்பொருள்களும் முதிர்ந்து, ஐராக்-4 செய்ய வேண்டியதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கின்றன என்று கருதுகிறார்கள். வளர்ந்த பிறகு தடுப்பு மருந்துகூட இல்லாமல் நலமாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

மருந்து செய்பவர்களின் கவனம் இங்கேதான் திரும்பியது. பெரியவர்களுக்கு ஐராக்-4 இல்லாமலும் வாழ முடிகிறது என்றால், நிற்காத அழற்சியால் அவதிப்படும் பெரியவர்களிடம் அந்த ஒரு கைனேஸை மட்டும் அடக்கிப் பார்க்கலாமே? அதன் ஏ.டி.பி. குழிவில் அமரும் மாத்திரைகளும், ஐராக்-4-ஐயே செல்லின் கழிவு நீக்கும் அமைப்பிடம் பிடித்துக் கொடுக்கும் மாத்திரைகளும் தயாராகி, முடக்குவாதமும் தோல் அழற்சி நோய்களும் உள்ளவர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கின்றன.